ஒன்று, மூன்று, இரண்டு

எழுநூற்றுத் தொண்ணூற்றாறு சிசி.
மூன்று சிலிண்டர், ஒரு கார்புரேட்டர்.
முப்பத்தேழு குதிரை என்கிறது புத்தகம்.
நாலு பேரை ஏற்றிக்கொண்டு
கெடிலம் பாலத்தில் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்,
அதில் எத்தனை குதிரை
மஞ்சக்குப்பத்திலேயே நின்றுவிட்டன என்று.

வெடிக்கும் வரிசை: ஒன்று, மூன்று, இரண்டு.
பள்ளிக்கூடத்தில் அப்படி எண்ணினால் முட்டி பெயர்ந்திருக்கும்.
இதற்கு அதுதான் ஒழுங்கு.
சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் நடுங்குவது நோய் இல்லை.
மூன்று என்றால் அப்படித்தான்,
எப்போதும் ஒரு கால் காற்றில்.

கோர்ட்டில் தட்டச்சு செய்கிறவள் நான்.
இருபத்தெட்டு வருஷம்
காதால் பிழை பார்த்திருக்கிறேன்.
ஒரு பிளக் எரியவில்லை என்றால்
'ற' விழாத மெஷின் மாதிரி
வாக்கியம் நடுவில் நொண்டும்.
இறங்கிக் கழற்றுவேன்.
உப்புத்தாளில் ரெண்டு தேய்ப்பு,
புள்ளி எட்டு மில்லிமீட்டர் இடைவெளி,
ஊதி, மாட்டி, கைக்குட்டையில் கரி.
பிறகு போய்
ஒரு விவாகரத்து மனுவை அடிப்பேன், மூன்று பிரதிகள்.

மார்கழியில் கிளம்பாது.
கடல்காற்றுக்கு டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் வியர்க்கும்.
அதைக் கழற்றி, துவட்டி,
இட்லிக்கொப்பரை இறக்கிய அடுப்பருகே வைத்து எடுத்தால்
சோக்கை இழுத்த மாத்திரத்தில் எழுந்துவிடும்.
சித்திரையில் வேறு கதை.
ரேடியேட்டர் துருநீர் கக்கும்,
ஊசி சிவப்புக்குப் போகும்,
முதுநகர் ரயில்வே கேட்டில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு
எல்லோருக்கும் ஆவி காட்டுவேன்.

"முள்ளோடைக்குப் போய் நாலு ரூபா கம்மின்னு போடாதீங்கம்மா,
ஜெட் அடைக்குது" என்பார் நத்தர்ஷா.
அடைப்பதற்கு எந்த மாநிலப் பெட்ரோலாக இருந்தால் என்ன?
நான் போட்டேன்.
அவரும் அவர் வண்டிக்கு அங்கேதான் போட்டார்.

பதினைந்தாம் வருஷ மழையில் சீட் வரை தண்ணீர்.
நத்தர்ஷா மூன்று பிளக்கையும் எடுத்துவிட்டு
ஸ்பேனரால் கிராங்கைத் திருப்பினார்.
ஒன்று துப்பியது. இரண்டு துப்பியது.
மூன்று சேற்றோடு துப்பியது, அவர் சட்டை மேல்.
"உயிர் இருக்கு" என்றார்.

அதற்கப்புறம்தான் அந்த டொக்.

ஐடிலில் மட்டும். வேகம் எடுத்தால் காணோம்.
டாப்பெட்டாக இருக்கும் என்று பதினோரு தடவை சரிசெய்தார்.
பெல்ட் டென்ஷனர் மாற்றினார்.
இன்ஜின் மவுண்டிங் மாற்றினார்.
பேரிங் என்றார் ஒருநாள், குரலைத் தாழ்த்தி,
டாக்டர் வீட்டாரை வெளியே கூப்பிட்டுச் சொல்வது மாதிரி.
"மேல மேல செலவு வேணாம்மா."

பாலிடெக்னிக்கிலிருந்து குணவதி மேடம் வந்தார்.
இன்ஜின் மட்டும் போதும்,
பிள்ளைகளுக்கு உள்ளே காட்ட அறுக்க வேண்டும்.
அறுத்தால் எனக்கும் தெரிந்துவிடும்
எது டொக்கென்று. கொடுத்துவிட்டேன்.

மறுவாரம் கூட்டைத் தள்ளிக்கொண்டு போக
பழைய இரும்புக்காரர் வந்தார்.
இரண்டு பையன்கள் பின்னால் கைகொடுக்க,
வண்டி வாசலைத் தாண்டுகிறது.

டொக்.

நான் நிறுத்தச் சொன்னேன்.
டிரைவர் கதவின் அட்டையைப் பிய்த்தார்கள்.
கண்ணாடி இறங்கும் பள்ளத்தில்
ஒரு பழைய ஐந்து ரூபாய், தடித்தது,
ஒரு முகம் கறுத்து.
இரும்புக்காரர் அதை எடையில் சேர்க்கவில்லை,
சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு போன் செய்தேன்.
"மேடம், இன்ஜின்ல ஒண்ணுமில்ல.
சத்தம் வேற இடத்துல இருந்திருக்கு."
அந்தப் பக்கம் கிரைண்டர் ஓடி நின்றது.
"நேத்தே அறுத்தாச்சேம்மா.
நல்லாதான் இருக்கு. மூணாவதுல மட்டும் ஒரு கோடு.
செவப்பு, நீலம் அடிச்சு கைப்பிடி வச்சிருக்கோம்,
சுத்துனா பிஸ்டன் மேல கீழ போகுது,
வந்து பாருங்க."

எந்த வரிசையில் என்று கேட்க வாயெடுத்தேன்.
பஸ் வந்துவிட்டது.