ஆகஸ்டிலேயே நிற்கும் வண்டி

நவம்பர் ஒன்பது. கராஷோக்கில் மைனஸ் இருபத்தேழு.
ஆறு இறுகிவிட்டது. தரையில் பனியோ கணுக்கால் வரைதான்,
ஸ்னோமொபைலை எடுத்தால் கல்லில் உரசும்.
ஆகவே இந்த நான்கு சக்கரக் கழுதைதான்
மேட்டிலிருந்து துருவமான்களை இறக்கியாக வேண்டும்,
வெள்ளிக்கிழமைக்குள்.

பற்றிக்கொள்கிறது. பற்றாமல் இல்லை.
நாலு மூச்சு விடுகிறது. விசையை அழுத்தியதும்
சாட்சிக் கூண்டில் பெயரை மறந்தவன் மாதிரி
விக்கி, அணைகிறது.
சாஹ்பெ, என் கறுப்பு நாய்,
பின்பலகையில் மூன்று முறை ஏறி
மூன்று முறை இறங்கிப் போய்விட்டது.

பேட்டரியை நேற்றிரவு சமையலறையில் படுக்கவைத்தேன்,
செய்தித்தாள் விரித்து, ரொட்டிப் பெட்டிக்குப் பக்கத்தில்.
எண்ணெயை மாற்றினேன்.
பழையது புனலை விட்டு இறங்க
அரைமணி நேரம் யோசித்தது.
எஞ்சின் மூச்சுவிடும் குழாயில் விரல் நீளத்துக்குப் பனிக்கட்டி;
முடி உலர்த்தும் கருவியால் ஊதி எடுத்தேன்.
பெட்ரோலில் தண்ணீரோ என்று
வடிகட்டியைக் கழற்றி விளக்கில் பிடித்துப் பார்த்தேன்.
பழுதில்லை.
அப்போதும் அதே விக்கல்.

ஸ்பார்க் பிளக்கைத் திருகி எடுத்தால்
வெள்ளை. நாய் நக்கி முடித்த எலும்பின் வெள்ளை.
பசி. வேறொன்றுமில்லை, அதற்குப் பசி.

இருக்கைக்கு அடியில்
எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் சின்னப் பெட்டி.
கையுறையைப் பல்லால் இழுத்துவிட்டு
நான்கு சதவீதம் ஏற்றினேன்.
எட்டு.
விரல் என்னுடையதா என்று தெரியவில்லை.
பன்னிரண்டு. அதற்குமேல் அந்தப் பெட்டிக்கு
எண்ணத் தெரியாது.

வேலை முடிந்து யூருன் வந்தாள், பெட்ரோல் நிலையத்திலிருந்து.
மடிக்கணினியைக் கோட்டுக்குள் வயிற்றோடு கட்டியிருந்தாள்;
வெளியே எடுத்தால் கால்மணி நேரம்தான் உயிர்.
கம்பியைச் செருகினோம். எண்கள் வரிசையாக விழித்தன.
காற்றின் வெப்பம்: 23.

சுவரில் தொங்கும் வெப்பமானியைப் பார்த்தோம்.
திரையைப் பார்த்தோம்.
"எங்கே போய்க் காற்று வாங்குகிறது இது," என்றாள்,
"ஸ்பெயினிலா?"

குளிர்ந்த காற்று நெருக்கியடித்துக்கொண்டு வரும்.
அதற்கு ஈடாக ஊற்ற வேண்டும், இன்னும் ஐந்தில் ஒரு பங்காவது.
இதுவோ கோடைக்கு அளந்து ஊற்றிக்கொண்டிருக்கிறது,
கல்யாணப் பந்திக்கு
காப்பிக் கோப்பையில் சாம்பார் கொண்டுவருகிறவனைப் போல.

வயரைத் தடவிக்கொண்டே போனேன்.
கருப்பு நாடாவைப் பிரித்தால், உணரி இல்லை.
உணரி இருக்க வேண்டிய இடத்தில்
அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய மின்தடை ஒன்று.
மூன்று சிவப்பு வளையம்.
எஞ்சினின் காதில் பூச்சுற்ற
அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது.

பியேரா.
ஆகஸ்டில், கொசுக்கூட்டத்துக்கு நடுவே,
முறிந்த உணரியை ஆற்றில் எறிந்துவிட்டு
"இப்போதைக்கு" என்றான்.
அவனுக்கு எல்லாம் இப்போதைக்குத்தான்.
செப்டம்பரில் ஹாமர்ஃபெஸ்ட் போனான், சால்மன் படகுக்கு.
எனக்குச் சொன்னான்.
வண்டிக்கு யாரும் சொல்லவில்லை.

ஹெய்க்கா ஆற்றங்கரையில் கைவிட்ட பழைய வண்டியிலிருந்து
டார்ச்சை வாயில் கடித்தபடி
உணரியைப் பிடுங்கி வந்தேன்.
செருகியதும் திரை சொன்னது: மைனஸ் 24.
மூன்று பாகை பொய். இருந்துவிட்டுப் போகட்டும்.
ஏற்றிய பன்னிரண்டையும் இறக்கிப் பூஜ்யத்தில் வைத்தேன்.
பொத்தானை அழுத்தினேன்.
முதலில் சிடுசிடுப்பு, பிறகு உறுமல்,
பிறகு, விசையை எவ்வளவு மிதித்தாலும், உறுமல்தான்.

யூருன் கணினியை மறுபடி வயிற்றில் கட்டிக்கொண்டாள்.
அந்த மூன்று சிவப்பு வளையத்தை
எறிய மனம் வரவில்லை.
கோபம் ஒன்றுமில்லை, மின்தடை நல்ல மின்தடை.
நட்டு போல்ட்டு டப்பாவில் போட்டேன்.

விடியாத காலை எட்டு மணிக்கு
சாஹ்பெ தானாக ஏறி உட்கார்ந்தது.
மேட்டுப்பாதையில் பாதி தூரம் போனபிறகு தெரிந்தது,
கைப்பிடிச் சூடாக்கி வேலை செய்யவில்லை.
அதுவும்
அவன் மாட்டியதுதான்.