முறை: மின்தடை

தனகோட்டியக்கா தரும் வஞ்சிரத் தோலைக்
கழுவி, ஊறவைத்து, காய்ச்சி வடித்தால்
தேன் நிறத்தில் ஒரு தண்ணீர்.
எத்தனை வடித்தாலும் வாசனை போகாது.
தண்டையார்பேட்டையில் நான் பஸ் ஏறினால்
பக்கத்து சீட் கடைசிவரை காலி.

கரி புட்டியில் வருகிறது,
ஐந்து கிராம் நாலாயிரத்து முந்நூறு.
எண்ணூரில் எங்கள் ஜன்னல்கட்டையில்
விரலை இழுத்தால் ஓசியிலேயே கிடைக்கும்.
அதற்கு ரசீது தர ஆளில்லை.

தை மாத ராத்திரி.
ஐம்பது டிகிரி உலர்பெட்டிக்குள்
கறுப்புக் குழம்பு ஊற்றிய பன்னிரண்டு தட்டு.
பதினொன்று இருபதுக்குக் கொருக்குப்பேட்டைப் பக்கம்
டிரான்ஸ்பார்மர் வெடித்தது.
செல்போன் வெளிச்சத்தில் தட்டுகளை எடுத்து
ஜன்னலோரத் தரையில் பரப்பினேன்.
கடல்காற்று. வெப்பமானியில் இருபத்திரண்டு.

சூட்டில் புரதம்
அவிழ்ந்த நூற்கண்டாய் அலையும்;
கரி அடியில் போய்க் குந்திக்கொள்ளும்.
குளிர்ந்தால் மும்மூன்று இழையாக
முறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.
விழுந்துகொண்டிருந்த கரி
தரை சேராமல்
நடுவழியில் மாட்டிக்கொள்ளும்.
இதெல்லாம் படித்தது.
அன்று நான் இருட்டில்
கொசு அடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் உரித்தேன்.
இழுவை மெஷின் ஆடியிலிருந்து ரிப்பேர்;
துணி கிளிப்பில் படலத்தை மாட்டி
வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளைத் தொங்கவிட்டேன்.
போன வாரம் சூட்டில் காய்ந்தது
நாலாவது குண்டில் படீர்.
இது ஏழு.
எட்டு.
ஒன்பதில் கொஞ்சம் நீண்டு, யோசித்து,
பதினொன்றில்தான் விட்டது.
ஒரு குண்டு பீரோவுக்கடியில் உருண்டது,
இன்னும் எடுக்கவில்லை.
மல்ட்டிமீட்டரில்
மேல்பக்கமும் கீழ்பக்கமும் ஒரே எண்.

"மறுபடி செய்து காட்டு" என்றார் சகாயராணி மேடம்.
பதிவேட்டில் நான் எழுதியிருந்தது:
உலர் வெப்பநிலை 22. முறை: மின்தடை.
சிவப்பு மையில் அடிக்கோடிட்டார்.
சிரிக்கவில்லை.

இப்போது பங்குனி.
நடுராத்திரியிலும் அறை முப்பத்தொன்று.
கரண்ட் போனாலும் பிரயோசனமில்லை,
போவதுமில்லை.
குளிர்பெட்டி கேட்ட மனு
எந்த மேஜையில் இருக்கிறதோ.

காசிமேட்டு ஐஸ் கிடங்கில்
கதவை நாலு விரல் திறந்துவைத்தால்
வாசற்படியில் சரியாக இருபத்திரண்டு.
தனகோட்டியக்கா இரண்டு கூடையை நகர்த்தி
இடம் விட்டிருக்கிறார்.
"நான் குடுத்த தோலு
எங்கிட்டயே வந்துடுச்சு பாரேன்."

பன்னிரண்டு தட்டும் கறுப்பாய், பளபளவென்று.
ஒரு பூனை முகர்ந்து பார்த்துவிட்டு
மீனா இல்லையா என்று
முடிவு செய்ய முடியாமல்
உட்கார்ந்திருக்கிறது.
நானும்தான், பக்கத்தில்.