சூடு

நாலே முக்காலுக்குக் கம்பெனி பஸ்.
ஆரம்பாக்கத்தில் ஏறிக் கண்ணயர்ந்தால்
விழிக்கும்போது
கடைப் பலகைகளில் எழுத்துகள் உருண்டு போயிருக்கும்.
தடா வந்துவிட்டது.

கிளம்புமுன் இருட்டில்
லிகிதாவின் கழுத்தில் புறங்கையை வைப்பேன்.
சூடில்லை.
சூடில்லையென்றால் நோயில்லை.
அந்தக் கணக்கில்தான் ஆறாம் வகுப்பு வரை
வந்திருக்கிறாள்.

எனக்கு நாலாம் பெல்ட்டின் முனை.
சிப்ஸ் பாக்கெட்டுகள் தராசின்மேல் ஓடிவரும்.
இரண்டு கிராம் குறைந்தாலும் சிவப்பு விளக்கு;
தட்டிவிட வேண்டும்.
கை தாமதித்தால் ஹரிபாபு சார் கத்துவார்:
"சூடு, சூடு!"
சேர்ந்த புதிதில்
எதையோ தொட்டுப் பொசுக்கிக்கொள்ளப் போகிறேனென்று
கையை இழுத்துக்கொண்டேன்.
தெலுங்கில் அது 'பார்' என்று
நாகரத்தினம்மா சொல்லிச் சிரித்தாள்.

தட்டிவிட்ட பாக்கெட்டுகள் சனிக்கிழமைகளில்
எங்களுக்கே கிலோ கணக்கில், மலிவாக.
மூட்டை கட்டி வருவேன்.
தெருமுனையிலேயே பார்த்துவிட்டு ஓடிவருவாள்.
பெத்தவளுக்கு அதைவிட என்ன?

பள்ளிக்கூடத்தில் எடை பார்த்தார்களாம், கூப்பிட்டார்கள்.
ஒருநாள் கூலி போனாலும் போகட்டுமென்று போனேன்.
இருபத்துமூன்று கிலோ.
நர்ஸ் சுகந்தி அட்டையில் சிவப்பு மையால் வட்டமிட்டாள்.
"எங்க வாகே ஒல்லிதாங்க" என்றேன்.
"அவங்கப்பா வழியில எல்லாருமே ஈர்க்குச்சி.
மூணு வேளையும் வயிறு முட்டச் சோறு,
ஒருநாள் பட்டினி போட்டதில்ல."
குரல் உயர்ந்துவிட்டது. அவள் உயர்த்தவில்லை.
"நேத்து என்னம்மா சாப்பிட்டா?"
சோறு, ரசம்.
சோறு, ஊறுகாய்.
ராத்திரி மோர் ஊற்றிக் கொஞ்சம் சோறு.
சொல்லச் சொல்ல
வெள்ளை வெளேரென்று போயிற்று என் பதில்.

"சாக்பீஸ், சாம்பல், பச்சரிசி ஏதாவது தின்கிறாளா?"
இவளுக்கு எப்படித் தெரியும்!
துவைக்கும்போது யூனிபார்ம் பையில் எப்போதும் வெள்ளைத் தூள்.
டீச்சர் விளையாட்டு என்று நினைத்திருந்தேன்.
வாய்க்கடையில் வெடிப்பு;
பனி என்று தேங்காயெண்ணெய் தடவினேன்.
சாயங்காலமானால் சுருண்டு படுப்பாள்;
சோம்பேறிக் கழுதை என்று திட்டினேன்.
எதையும் பார்க்காமல் விட்டவளில்லை நான்.
சேர்த்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

நர்ஸ் கீழிமையை விரலால் இழுத்தாள்.
"பாருங்க."
சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில்
வாழைத்தண்டின் நிறம்.
என்னையறியாமல் கழுத்தைத் தொட்டேன்.
சூடில்லை.

"மத்தியானம் முட்டை தர்றாங்களே, பாப்பா?"
லிகிதா தரையைப் பார்த்தாள்.
நாற்றமடிக்குமாம்.
பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுவாளாம்.
"எனக்குத்தான் அம்மா கொண்டாற சிப்ஸ் இருக்கே."

அன்று ராத்திரி வேர்க்கடலை ஊறப்போட்டேன்.
நெத்திலிக் கருவாடு விலை கேட்டுவிட்டு
பாதிக்குப் பாதி வாங்கினேன்.
கீரை ஆய நேரமிருக்காது; இன்னும் யோசிக்கிறேன்.

காலையில் பெல்ட் ஓடுகிறது.
சிவப்பு விளக்கு. இரண்டு கிராம்தான்.
கை எழவில்லை.
மெலிந்த அந்தப் பாக்கெட்
என்னைத் தாண்டிப் போயே போய்விட்டது.
"சூடு!" என்கிறார் ஹரிபாபு சார்.

"பார்த்துக்கிட்டுதான் சார் இருக்கேன்"
என்கிறேன், தமிழில்.