ரேகைச் சட்டம் போன ராத்திரி

சட்டம் செத்துப்போச்சென்று
செக்கானூரணிச் சந்தையில் தண்டோரா.
என் புருஷன் ஒச்சு நம்பவில்லை.
பொழுது சாயவும்
போர்வையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
ஸ்டேஷனுக்கே போனான்.
"வீட்ல போய்ப் படுய்யா, ஒம் பேரு இல்ல"
கொட்டாவிக்கு நடுவே ஏட்டு.

பதினோரு வருஷம்.
மூணு பிள்ளையும்
பட்டப்பகலில் கதவைச் சாத்தித் தரித்தவை.
இருட்டில் இவன் மூச்சு எப்படி வரும்,
எனக்குத் தெரியாது.

பாய் விரித்தேன்.
வாசலைப் பார்த்தே படுத்தான்,
மை ஏறிய கட்டைவிரலை
உள்ளங்கைக்குள் மடக்கி.

ரெண்டாம் சாமம் எங்கோ நாய் குரைக்க
"ஆஜர் எசமான்" என்று எழுந்து நின்றான்.
சின்னவள் முழித்துக்கொண்டாள்.
"ஆத்தா, ராத்திரியில
அய்யா ஏன் இங்க இருக்காக?"

நான் விளக்கைத் தூண்டினேன்.
அவன் இன்னும் நின்றுகொண்டிருந்தான்.