நேரம் பார்ப்பவன்

எனக்குப் பேச்சு வராது என்று
கடிகாரத்தைக் கொடுத்தார்கள்.
கூடவே அட்டைகள்:
ஐந்து, இரண்டு, ஒன்று.
கடைசி அட்டையில் எண் இல்லை, வெறும் சிவப்பு.

கான்சாஸின் மேற்கு மூலை, பிப்ரவரி.
சுவருக்கு அப்பால் மல்யுத்தப் பயிற்சி.
யாரோ விழும் ஒவ்வொரு முறையும்
சட்டப் புத்தக அடுக்கு லேசாய் அதிர்கிறது.
நீதிபதிகள் மூவர்:
ஒரு பல் மருத்துவர், ஒரு வங்கி வக்கீல்,
தையல் பாடம் எடுக்கும் திருமதி ஹோப்ளிட்.
லூத்தரன் தேவாலயத்தில் இரவல் வாங்கிய
பாடகர் குழு அங்கிகள்.
பல் மருத்துவருக்கு முழங்கால் வரைதான் எட்டியது.

வழக்கு எண்பது வருடப் பழசு.
ஒஹையோவில் ஒரு விவசாயி.
பதினோரு ஏக்கருக்கு அனுமதி,
விதைத்தது இருபத்துமூன்று.
என் கோழி தின்றது, என் மாடு தின்றது,
விற்கத்தானே கூடாது என்கிறீர்கள்?
மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை
ஒழுங்குபடுத்தலாம் என்கிற அரசியல் சாசனத்தின் ஒற்றை வரி
அவன் கோழிக்கூடு வரை நீளுமா?
நீளும் என்றது உச்ச நீதிமன்றம்.
எங்கள் பள்ளி அதை இன்று
மறுபடி விசாரிக்கிறது.

காசு சுண்டினார்கள்.
அரசின் பக்கம் லீசல் உன்ரூவுக்கு விழுந்தது.
நான்கு தலைமுறைக் கோதுமை அவள் வீடு.
வாஷிங்டன் முத்திரையோடு வரும் உறைகளை
அவள் அப்பா பிரிக்காமல்
ஃபிரிட்ஜ் மேல் வீசிவிடுவாராம்.
விவசாயியின் பக்கம் குலீத் ஃபாராவுக்கு.
கோதுமையை அவன் பார்த்தது
பள்ளிப் பேருந்தின் ஜன்னலில் மட்டும்.
அவன் அம்மாவுக்கு இறைச்சி ஆலையில் வேலை.
அரசு ஆய்வாளர் கை உயர்த்தினால்தான்
அங்கே சங்கிலி நிற்கும்,
அவள் விரல்கள் ஒருமுறை விரியும்.

ஆளுக்கொரு பொய்யான பக்கம்.
ஆனால் குலீத் பேசியபோது
அது பொய்யாய் இல்லை.
"அடுப்படியிலும் எல்லை இல்லையென்றால்
எல்லை என்ற சொல்லை ஏன் எழுதினார்கள்?"
திருமதி ஹோப்ளிட் கண்ணாடியை இறக்கிக் கேட்டார்:
"எல்லோரும் அவனைப் போல விதைத்தால்?"
குலீத் தண்ணீர் குடித்தான். நிறையவே குடித்தான்.

மறுப்புரைக்கு லீசலுக்கு மூன்று நிமிடம்.
இரண்டு காட்டினேன். ஒன்று காட்டினேன்.
"ஒருவன் விதைத்தது ஒன்றுமேயில்லை, மாண்புமிகு நீதிபதிகளே.
கூட்டிப் பார்த்தால்தான் சந்தை சரிகிறது" என்றவள்
தாளைக் கவிழ்த்து வைத்தாள்.
முடிந்தது நேரம்.
சிவப்பு அட்டை என் விரலிடுக்கில்.
அவள் குரல் உடைந்து,
"அப்படிக் கூட்டும்போது
என் அப்பாவையும் சேர்த்துத்தான்
கூட்ட வேண்டியிருக்கிறது" என்று
முடிக்கும்வரை
கை மேசையிலேயே கிடந்தது.

பதினான்கு நொடி.

யாரைக் கேட்டுக் கொடுத்தேன்?
எந்தப் பிரிவு, எந்தத் திருத்தம்?
அதிகாரம் எங்கிருந்து வருகிறது,
எங்கே நிற்க வேண்டும் என்று
மதியம் முழுக்க வாதாடிய அறையில்
அது என் உள்ளங்கையில்
வியர்த்துக்கொண்டிருந்தது.

குலீத் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.
எதையோ குறித்துக்கொண்டான்.
ஆட்சேபம் சொல்ல எழவில்லை.

இரண்டுக்கு ஒன்று. அரசு வென்றது.
பல் மருத்துவர் மட்டும் கோழிகளின் பக்கம்.

நடைவழியில், சில்லறை விழுங்கும் இயந்திரத்தின் முன்
குலீத் நின்றிருந்தான்.
பக்கத்தில் போனேன். சொல்ல வாய் திறந்தேன்,
வழக்கம்போல முதல் எழுத்திலேயே சிக்கியது.
அவன் கடைசி நாணயத்தைப் போட்டான்.
"பதினான்கு" என்றான், திரும்பாமலே.
பிறகு சிரித்து,
"சொந்த உபயோகத்துக்கா?"

சிப்ஸ் பொட்டலம் பாதி வழியில் தொங்கிற்று.
இருவரும் தோளால் இடித்தோம்.
வெளியே அவன் பேருந்து
விளக்கைப் போட்டு, அணைத்து, போட்டது.