கிலோ முப்பத்து நாலு

கூத்தாநல்லூர் காயலான் கடையில்
தராசில் தொங்கவிட்டு வாங்கினேன்.
ஐந்தரைக் கிலோ. கிலோ முப்பத்து நாலு.
சில்லறை இல்லையென்று
நூற்றுத் தொண்ணூறாக முடித்தார் ஜெகபர் அலி.

சக்கரம் இல்லை, செயின் இல்லை, சீட்டு இல்லை.
நீலச் சட்டம் ஒன்று,
அதில் பாதி தேய்ந்த அரசு முத்திரை,
குறுக்குக் குழாயில் யாரோ
காம்பஸ் முனையால் கீறிய கணக்கு:
பிளஸ் ஒன் பி, 31.

மற்றதெல்லாம் திருச்சியிலிருந்து பார்சலில் வந்தது.
பிரித்துப் போட்ட பில்லைக் கூட்டிப் பார்த்து
தையல்நாயகி சொன்னாள்:
"சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி எட்டாயிரத்து அறுநூறா?
இந்தக் காசுக்குப் புதுசே வரும்டி."

வரும்.
அவன் காசையெல்லாம் பெயின்ட்டில் போட்டிருப்பான்.
நான் சுழல்கிற இடங்களில் போட்டேன்.

"சரி, கியர் எதுக்கு?
கோட்டூரிலிருந்து மன்னார்குடி வரைக்கும்
மேடுன்னா ரெண்டு மதகு, ஒரு பாலம்."

அவள் பஸ்ஸில் வருகிறவள்.
ஏழு பத்து பஸ்ஸுக்கு முன்னாலேயே
பரிசோதனை நிலையத்தைத் திறக்க வேண்டியது நான்.
வெறும் வயிற்றோடு வந்து
படியில் உட்கார்ந்திருப்பார்கள் சர்க்கரைக்காரர்கள்,
டீக்கடைப் பக்கம் பார்க்காமல்.
ஆடியில் மேற்கே மிதித்துப் பார்த்தால் தெரியும்,
இந்தச் சமவெளியின் மலையெல்லாம்
காற்றில் இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொல்லையில் சாக்கு விரித்து
இரண்டு பேருமாகப் பூட்டினோம்.
பின்கால்களின் இடைவெளி நூற்றிருபது மில்லி.
புதுச் சக்கரம் கேட்டது நூற்று முப்பத்தைந்து.
நீள மரையாணியைக் குறுக்கே கொடுத்து
நட்டைக் கால் சுற்று, கால் சுற்றாக
வெளிப்புறம் தள்ளினேன்.
"சட்டத்தை வளைக்கிறோம், கேஸ் போடப் போறாங்க"
என்று சிரித்தவள்
இரும்பு ஒருமுறை முனகியதும் வாயை மூடிக்கொண்டாள்.

வளைந்தது.
வலது காலைவிட இடது கால் ஒரு நூல் அதிகம்.
அன்றிலிருந்து கையை விட்டால்
இடப்பக்கம் இழுக்கிறது வண்டி.
அலாய் ரிம், சீல் வைத்த பேரிங்,
ஜப்பான் பெயர் பொறித்த பிரேக்,
எல்லாம் அந்த ஒரு நூலுக்குக் கட்டுப்பட்டு
இடப்பக்கம்.

தண்ணீர் வந்த அன்று
நான் மேற்கே போகிறேன், அது கிழக்கே வருகிறது.
முன்னால் சருகும் நுரையும் ஒற்றைச் செருப்பும்.
காற்று அதற்கு முதுகில், எனக்கு முகத்தில்.
கடைசிப் பல்லுக்கு இறக்கினேன்.
நடப்பவர் வேகம்தான், ஆனால் நிற்கவில்லை.
கரையில் வேட்டியை மடித்துக் கட்டியபடி
தண்ணீரோடு கூடவே வந்தவர்
என்னைப் பார்க்கவில்லை.
நானும் நின்று பார்க்க நேரமில்லை.

அன்று நாலாவது ஆளாக
ஓர் இளைஞன், இருபத்தைந்து இருக்கும்.
நரம்பு சுலபமாகக் கிடைத்தது.
பஞ்சை முழங்கை மடிப்பில் இறுக்கிக்கொண்டு
வாசலில் வண்டியருகே வெகுநேரம் நின்றான்.
குறுக்குக் குழாயைக் கட்டைவிரலால் தேய்த்தான்.
"இது செயின் கழலுமே" என்றான்.
"இப்ப கழல்றதில்ல."
மற்ற கையால் பின்சக்கரத்தைத் தூக்கி
பெடலை ஒரு சுற்றுச் சுற்றி
அது நிற்கும்வரை கேட்டான்.
நிற்க நேரமாயிற்று.
பிறகு டீ குடிக்கப் போனான்.
ரிசல்ட்டை வாங்க வேறு யாரோ வந்தார்கள்.

சாயங்காலம் காற்று முதுகைத் தள்ளியது.
ஏழு பல்லில் ஆறு சும்மா இருந்தன.
எனக்கு முன்னே கிளம்பிய தண்ணீர்
எங்கள் ஊர் மதகைத் தொட்டிருக்குமா என்று
எட்டிப் பார்க்கிற மாதிரி
வாய்க்கால் பக்கமாக
இழுத்துக்கொண்டே வந்தது
நூற்றுத் தொண்ணூறு ரூபாய்.