எடைப்பாலம்

மூன்றாம் முறை அழுதபோது மணி இரண்டு பத்து.
நான்காம் முறை எப்போது தொடங்கியது என்று தெரியவில்லை,
மூன்றாவதே முடிந்திருக்கவில்லை.

உத்தரத்தில் கொக்கி. கொக்கியில் ஸ்பிரிங்.
ஸ்பிரிங்கில் கோகிலவாணியின் பழைய சாரோங்.
சாரோங்குக்குள் பதினொரு நாள் வயதில்
இன்னும் பெயர் வைக்காத ஒருத்தி.
இழுத்து விடுகிறேன், க்ரீச்.
இழுத்து விடுகிறேன், க்ரீச்.
எண்ணெய் போடவேண்டும் என்று தினமும் சொல்கிறேன்,
எண்ணெய் ஆலையில் சம்பளம் வாங்குகிறவன்.

ஆலை தூங்குவதில்லை, இது பழம் கூடிய மாதம்.
ஜன்னல் கம்பி வழியே
வெந்த செம்பனைக் குலையின் புளித்த வாசம் வந்து
குழந்தையின் தலை வாசத்தோடு கலக்கிறது.
இரண்டில் எது எது என்று
பிரிக்குமுன் மூக்குக்கும் தூக்கம் வருகிறது.

கோகிலா சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள்.
இருமினால் தையல் இழுக்கிறது,
அதனால் இருமலை விழுங்கப் பழகிக்கொண்டாள்.
"உங்க முறை" என்றாள். அல்லது
சொன்னதாக நான் கேட்டேன்.
இந்த நேரத்தில் இரண்டும் ஒன்றுதான்.

காலையில் பாகாவ் சிவப்பு விளக்கில்
பச்சை இரண்டு தடவை வந்து போயிருக்கிறது.
பின்னாலிருந்த காய்கறி வேன்காரச் சீனர்
ஹாரன் அடிக்கவில்லை, இறங்கி வந்தார்.
என் சட்டைத் தோளில் காய்ந்திருந்த பால் கறையைப் பார்த்தார்.
தீர்ப்பு சொல்வதுபோல் மூன்று விரல் காட்டினார்:
"தீகா பூலான்."
மூன்று மாதம். ஜாமீன் உண்டா என்று கேட்கத் தோன்றியது.
மலாயிலும் அது ஜாமீன்தான்,
அப்போது நினைவுக்கு வரவில்லை.

என் வேலை எடைப்பாலத்தில்.
லாரி பாரத்தோடு ஏறும், ஓர் எண்.
கொட்டிவிட்டு வெறுமனே ஏறும், ஓர் எண்.
முதலிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் பழம்.
நேற்று கிளினிக்கில் இவள் தராசில் படுக்க மறுத்துக் கத்த,
மிசி நோரைனி என்னை ஏறி நிற்கச் சொன்னார்,
பிள்ளையோடு ஒரு தடவை, பிள்ளை இல்லாமல் ஒரு தடவை.
மூன்று புள்ளி ஒன்று என்று புத்தகத்தில் எழுதினார்.
பத்து வருடமாகச் செய்யும் கணக்கு.
லாரி நான் என்பதுதான் புதிது.

அந்த எண்தான் கைக்குள் இருந்திருக்கும்.
பதினோரு மணி லாரிக்கு, நிகர எடைக் கட்டத்தில்
பதினான்கு டன் பழத்துக்குப் பதிலாக அடித்துவிட்டேன்.
ரோஸ்லான் சீட்டோடு திரும்பி வந்தான்.
"அண்ணே, நான் ஏற்றி வந்தது மூன்று கிலோவா?"
சிரிக்கத்தான் வந்தான். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.
அவனுக்கு நான்கு பிள்ளை.
மேசையைக் காட்டி, தலையை வை என்றான்.
வரிசைக்குப் போய் என்ன சொன்னானோ,
ஒன்றன்பின் ஒன்றாக
ஏழு லாரிகளின் எஞ்சின் நின்றது.

பன்னிரண்டு நிமிடம்.
அமைதிதான் என்னை எழுப்பியது.
அழுகை நின்றதும் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறவனுக்கு
அமைதி வேறு மாதிரிக் கேட்கும்.
விரலை நீட்டிக்கொண்டே எழுந்தேன்,
எதிரே கால்குலேட்டர்.

சாயங்காலம் ரோஸ்லான் ஒரு டப்பா மூடியில்
சக்கரத்துக்குப் போடும் கிரீஸ் கொடுத்தான்.
ஸ்பிரிங்கில் வளையம் வளையமாகத் தடவினேன்.
இரவு இழுத்து விட்டேன். சத்தமே இல்லை.
பெருமையாக இருந்தது, ஐந்து நிமிடம்.

கண்ணைத் திறந்தாள். மேலே பார்த்தாள்.
எதையோ களவு கொடுத்தவள்போல் வீறிட்டாள்.
தோளில் போட்டேன், நடந்தேன், விளக்கைப் போட்டேன், அணைத்தேன்.
மணி மறுபடியும் இரண்டு பத்து.

கடைசியில் சாரோங்கில் இட்டு, இழுத்து விட்டு,
வாயாலேயே சொன்னேன்: க்ரீச்.
அழுகை ஒரு மூச்சு தயங்கியது.
க்ரீச்.
க்ரீச்.

சுவர்ப்பக்கமிருந்து கட்டில் குலுங்கியது.
"சிரிக்க வைக்காதீங்க," என்றாள் கோகிலா,
"தையல் பிஞ்சிடும்."
இருட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு
சிரித்துக்கொண்டே இருந்தாள்.
நான் நிறுத்தவில்லை.
யார் முறை என்பதே மறந்துவிட்டது.
க்ரீச்.